பச்சை லைட் எரியுது, பக்கம் திறக்கல

மகளின் உதவித்தொகை விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி நெருங்கிவிட்டது. வீட்டுக் கம்ப்யூட்டரில் எந்த இணையதளத்தின் பெயரை அடித்தாலும் முகவரி கிடைக்கவில்லை என்றே வருகிறது. ரூட்டரில் பச்சை லைட் நிலையாக எரிகிறது, சிவப்பு லைட் இல்லை. செல்லில் வைஃபையை அணைத்துவிட்டு சிம் டேட்டாவில் பார்த்தால் அதே தளம் பளிச்சென்று திறக்கிறது.

மூன்று நாளில் ஏழு தடவை கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். ஏழு தடவையும் ஒரே பதில்: "சார், ரூட்டரை ஆஃப் பண்ணிட்டு அஞ்சு நிமிஷம் கழிச்சு ஆன் பண்ணுங்க." ஆன் பண்ணியாச்சும்மா, அதுக்கு அடுத்தது என்னன்னு கேட்டால், "கம்ப்ளெயிண்ட் பதிவாயிருக்கு சார்." இணைப்புக் கொடுக்கும் கம்பெனியில் இருப்பவர்களுக்கே விஷயம் தெரியாவிட்டால், பணம் கட்டுகிறவன் யாரிடம் போய்க் கேட்பான்?

கடைசியில் பாலிடெக்னிக் படிக்கும் பக்கத்துவீட்டுத் தம்பிதான் வந்து உட்கார்ந்தான். கறுப்புத் திரையைத் திறந்து, பிங் என்று அடித்து 8.8.8.8 போட்டான். நாலு வரி பதில் வந்தது. அதே பிங்கில் தளத்தின் பெயரைப் போட்டான். அப்படி ஒரு ஹோஸ்டே இல்லை என்றது. "அண்ணாச்சி, லைன்ல ஒண்ணுமில்ல. பேரை நம்பரா மாத்துற எடத்துலதான் கோளாறு" என்றான்.

எங்கள் தெருவில் மூன்று செல்வராஜ். பழைய தபால்காரருக்கு எந்தக் கடிதம் எந்த வீட்டுக்கு என்று பார்த்ததுமே தெரியும். அவர் லீவு போட்டால், ரோடு நன்றாக இருந்தும் கடிதம் வராது. தம்பி சொன்ன, பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ் என்பது அந்தத் தபால்காரர் வேலைதான். ஆரம்பத்தில் எல்லாக் கம்ப்யூட்டர்களின் பெயரும் எண்ணும் ஒரே பட்டியலில் இருந்தன. கலிபோர்னியாவில் ஒரு ஆய்வு நிறுவனத்தில் வைத்துப் பராமரித்தார்கள். பட்டியல் பெருத்துக்கொண்டே போனதால், 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் இந்த ஏற்பாட்டை வகுத்தார். 2021 அக்டோபர் 4-ம் தேதி ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் ஆறு மணி நேரம் படுத்தபோதும், அந்தக் கம்பெனியின் பெயர்களுக்கு முகவரி சொல்லும் சர்வர்களை யாராலும் எட்ட முடியவில்லை.

தம்பி முதலில் ஐபிகான்ஃபிக், ஃப்ளஷ்டிஎன்எஸ் என்று அடித்து, கம்ப்யூட்டர் நினைவில் வைத்திருந்த பழைய முகவரிகளை அழித்தான். சரியாகவில்லை. பிறகு நெட்வொர்க் செட்டிங்ஸில் போய், டிஎன்எஸ் என்ற இடத்தில் கம்பெனி தந்ததை எடுத்துவிட்டு 8.8.8.8, அடுத்த கட்டத்தில் 1.1.1.1 போட்டான். முதலாவது கூகுளுடையது, இரண்டாவது கிளவுட்ஃபிளேருடையது. இரண்டுக்கும் காசு கிடையாது. இரண்டு நிமிஷ வேலை. பக்கம் திறந்தது.

இந்த இரண்டு நிமிஷத்துக்கா மூன்று நாள் அலைய விட்டார்கள்? பிரவுசிங் சென்டரில் நின்று, ஆதார் நகலை முன்பின் தெரியாதவர் கையில் கொடுத்து விண்ணப்பம் போடும் நிலைக்குப் பிள்ளைகளைத் தள்ளலாமா? எத்தனை வீட்டில் இப்படிக் கேட்டுச் சொல்ல ஆளில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்களோ!

இணைப்புக் கொடுக்க வருகிறவர்களே, உங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். போகும்போது அந்த இரண்டு எண்களையும், எங்கே போட வேண்டும் என்பதையும் தமிழில் ஒரு துண்டுத் தாளில் எழுதி ரூட்டர் மேல் ஒட்டிவிட்டுப் போங்கள்.