எண்ணிய பிறகே தெரிந்த இறப்புகள்

வெள்ளையருக்குள்ள அதே இறப்பு விகிதம் இருந்திருந்தால் நேர்ந்திருக்காத சிறுபான்மையினர் இறப்புகள் அமெரிக்காவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 என்று 1985-இல் வெளியான அரசின் ஹெக்லர் அறிக்கை கணக்கிட்டது. அரசே எண்ணிச் சொன்னதால் மறுக்க வழியில்லை. அடுத்த ஆண்டே சிறுபான்மையினர் நல அலுவலகம் அமைந்தது. தேசிய சுகாதார நிறுவனத்துக்குள் 1990-இல் சிறு அலுவலகமாகத் தொடங்கிய சிறுபான்மையினர் நல ஆய்வுப் பிரிவோ, 2000-இல் மையமாகி, 2010-இல்தான் தனி ஆய்வு நிறுவனமாக உயர்ந்தது. உயிர்களை வைத்துப் பார்த்தால் இது நீண்ட தாமதம்.

நோய்க்கு இனபேதம் இல்லையே, தனி நிறுவனம் எதற்கு என்று கேட்கிறார்கள். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரையே எடுத்துக்கொள்வோம். கறுப்பின நோயாளிகளின் ஆக்சிஜன் குறைவை அது வெள்ளையரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிட்டதை 2020-இல் வந்த ஆய்வு காட்டியது. பொதுவான சராசரிக்குள் இந்தப் பிழை புதைந்தே கிடந்திருக்கும். அரசு ஆய்வை எப்படி நம்புவது என்ற கேள்வி இன்னும் கனமானது. அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை கறுப்பின ஆண்களின் மேகநோய்க்கு உரிய சிகிச்சை தராமல் கவனித்து வந்ததும் அரசு ஆய்வுதான். அந்த அநீதியைச் செய்த அரசுக்குச் சிறுபான்மையினர் நல ஆய்வுகளைக் கைவிடும் உரிமை கிடையாது; நிதியைக் குறைக்கும் உரிமையும் கிடையாது.