முந்துதலும் முறையும்

கணிப்பொறியியலார் ‘ரேஸ் கண்டிஷன்’ என்று வழங்குவதைப் ‘பந்தய நிலை’ எனப் பெயர்த்தால் சொல் கிடைக்கும், பொருள் கிடைக்காது. பந்தயத்தில் முந்துபவர் வெல்வார். இங்கோ, முந்துபவர் யார் என்பதற்கேற்ப விடையே மாறிவிடுகிறது.

வங்கிக் கணக்கொன்றில் 1000 ரூபாய் இருக்கிறது. ஒரே கணத்தில் இரு முகப்புகளில் 200 ரூபாயும் 300 ரூபாயும் செலுத்தப்படுகின்றன. இரு நிரல்களும் பழைய 1000ஐயே படித்துக் கூட்டி எழுதினால், எஞ்சுவது 1200 அல்லது 1300. ஒரு தொகை தடமின்றி மறைந்துபோகும்.

பணம் மட்டுமன்று, உயிரும் போனதுண்டு. 1986இல் அமெரிக்காவின் டைலர் நகரில், ‘தெராக்-25’ என்னும் கதிர்மருத்துவக் கருவியை இயக்கியவர் தாம் தவறாக அடித்ததை விரைந்து திருத்தினார். காந்தங்கள் அமைந்துகொண்டிருந்த சில நொடிகளுக்குள் நிகழ்ந்த அத்திருத்தத்தைக் கருவியின் மற்றொரு நிரற்பகுதி அறியவில்லை. அளவிறந்த கதிர் பாய்ந்தது. இவ்வாறு அங்கு இருவர் மாண்டனர். மெதுவாக அடித்துச் சோதித்தபோதோ பிழை தலைகாட்டவில்லை! முந்தைய மாதிரிகளில் இருந்த பொறித்தடைகளை நீக்கிவிட்டு, நிரலை மட்டுமே நம்பியிருந்தனர்.

இத்தகைய தடையை நம் கடல் நன்கறியும். மன்னார் வளைகுடாவில் 19ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்த முத்துக்குளிப்பில், ஒரு தோணியில் குளிப்போர் பதின்மர், கற்களோ ஐந்து. கல்லின் கயிற்றில் கால் பதித்து ஐவர் இறங்குவர், ஐவர் இளைப்பாறுவர். அடி சேர்ந்தவர் விடுத்த கல்லை மேலே இழுத்து வைப்பர். கல்லில்லாதவர் இறங்குவதில்லை. ஆகவே எத்தனை பேர் ஒருசேர நீருள் இருக்கலாம் என்பதைக் கல்லே வரையறுத்தது. நிரலில் ‘லாக்’ என்பதும் இதுவே. ஆனால் அங்குக் கல் ஒன்றே; ஒரு நேரத்தில் ஒருவரே.

‘பூட்டு’ என்னும் பெயர்ப்பு எனக்கு உடன்பாடன்று. பூட்டு அயலாரைத் தடுப்பது; இதுவோ உடன் உழைப்பாரிடையே முறை வகுப்பது. ஜமாஅத் தொழுகையில் இமாமை முந்திக் குனிவதும் நிமிர்வதும் கூடாது என்பதை அறிந்த நம் மாணவர்க்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். ‘லாக்’ என்பதை ‘முறைக்கல்’ என்றும், அஃதின்றி நேரும் கேட்டை ‘முறைபிறழ்வு’ என்றும் வழங்கலாம் என்பது என் துணிபு. (‘முறைகேடு’ என்றால் நாளிதழ்ச் செய்தியாகிவிடும்!)

தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. அதைக் கண்ட முதியோர் இன்று மிகச் சிலரே. பரதவரிடமும் கீழக்கரை முஸ்லிம்களிடமும் எஞ்சியிருக்கும் குளிதொழிற் சொற்களைத் தொகுக்க, இக்கல்வியாண்டிலேயே தமிழ்த்துறையும் கணிப்பொறித்துறையும் கூடி மாணவர்களை அனுப்ப வேண்டும்.