இருபது வோட்ஸ் போதும்

கல்முனையில் பாவித்த ஸ்டீரியோ அம்பிளிபயர் ஒன்றுக்கு விலை பேசிப் பாருங்கள். பக்கத்தில் நிற்பவர் கட்டாயம் சொல்வார்: "என்ன காக்கா, இந்தப் பழைய இரும்புக்கா காசு குடுக்கப் போறீங்க? ஆயிரம் வோட்ஸ் செற் புதுசா கிடக்குதே." 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்ட காலத்திலும், அதன் பிறகு சவூதிக்கும் குவைத்துக்கும் போனவர்களின் பெட்டிகளோடும் நம் ஊர்களுக்கு வந்து சேர்ந்த சன்சுயி, பயனியர், டெக்னிக்ஸ் செற்றுகள் இந்தப் பேச்சினாலேயே இரும்புக் கடைக்குப் போகின்றன. எனக்கு இது மனம் பொறுக்காத விஷயம். அந்தப் பேச்சில் ஒரு துண்டைத் தவிர மற்றதில் பெரும்பகுதி பிழை.

முதலில் வோட்ஸ். புதுப் பெட்டியின் அட்டையில் 1000, 5000 என்று பெரிதாகப் போட்டிருப்பது பெரும்பாலும் பிஎம்பிஓ கணக்கு. அதற்குப் பொதுவான அளவுமுறை கிடையாது. செய்பவர் விரும்பிய எண்ணைப் போடலாம். பெட்டியைத் திருப்பி, அது எவ்வளவு கரண்ட் எடுக்கும் என்று ஒட்டியிருப்பதைப் பாருங்கள். 60 வோட்ஸ் எடுக்கும் பெட்டி 1000 வோட்ஸைத் தொடர்ந்து வெளியே விட முடியாது. பழைய பெட்டியின் எண் சிறிதாக இருப்பதற்குக் காரணம் வேறு. வீட்டு அம்பிளிபயர்களுக்கு அமெரிக்க அரசு 1974இல் ஒரு விதி கொண்டுவந்தது: இரண்டு பக்கமும் ஒன்றாக ஓடும்போது, தொடர்ந்து கொடுக்கக்கூடிய வோட்ஸைத்தான் சொல்ல வேண்டும், எவ்வளவு திரிபோடு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தச் சந்தையைக் குறிவைத்த ஜப்பான் கம்பனிகள் அதன்படியே அளந்து எழுதின.

20 வோட்ஸ் என்றால் என்ன சத்தம் வரும்? 1978இல் வந்த நாட் 3020 பக்கத்துக்கு 20 வோட்ஸ்தான். நோர்வேக்காரரான பியோர்ன் எரிக் எட்வர்ட்சன் வடிவமைத்த அந்தச் சின்னப் பெட்டியை இன்றைக்கும் உலகம் முழுக்கத் தேடி வாங்குகிறார்கள். வோட்ஸ் இரட்டித்தால் கூடுவது 3 டெசிபெல் மட்டுமே. காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகப்பட ஏறக்குறைய பத்து மடங்கு வோட்ஸ் வேண்டும். 1 வோட்ஸுக்கு ஒரு மீற்றர் தூரத்தில் 88 டெசிபெல் கொடுக்கும் சாதாரண ஸ்பீக்கர், 20 வோட்ஸில் 101 டெசிபெல் கொடுக்கும். வீட்டு அறைக்குள் அதைத் தாங்கிக்கொண்டு உட்கார முடியாது. நாம் ஆறுதலாகக் கேட்கும்போது செலவாவது பெரும்பாலும் ஒரு வோட்ஸுக்கும் குறைவு. கல்யாண வீட்டுப் பந்தலுக்கு வேறு சாமான் வேண்டும், அது உண்மை. அதை வாடகைக்கு எடுப்பதுதான் நம் வழக்கம்.

அடுத்து, "இவ்வளவு பொத்தான் எதுக்கு?" என்கிறார்கள். சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் வீட்டுச் சுவரோடு சுவராக வாழும் நமக்குத்தான் அந்தப் பொத்தான்கள் அதிகம் தேவை. இஷாவுக்குப் பிறகு பாட்டுக் கேட்பதென்றால் சத்தத்தைக் குறைத்தே ஆக வேண்டும். சத்தம் குறையும்போது காது அடித்தொனியை முதலில் இழக்கிறது. மேல்தொனியும் கொஞ்சம் மங்குகிறது. பிளெச்சர், மன்சன் என்ற இருவர் 1933இலேயே இதை அளந்து வெளியிட்டார்கள். 'லவுட்னஸ்' பொத்தான் அந்த இழப்பை ஈடுசெய்வதற்காக வந்தது. அதை அழுத்திவிட்டால், பக்கத்து வீட்டுப் பிள்ளை எழும்பாத அளவிலும் தபேலா தபேலாவாகவே கேட்கும். நாகூர் ஹனீபாவின் பழைய பதிவுகள் மோனோ. தேய்ந்த இசைத்தட்டிலிருந்து அவற்றைக் கேட்கும்போது 'மோனோ' பொத்தானை அழுத்துங்கள். இரைச்சலில் ஒரு பகுதி அடங்கி, அந்தக் கம்பீரக் குரல் நடுவில் வந்து நிற்கும். ஸ்பீக்கர் ஒன்று மூலையிலும் மற்றது கதவோரமுமாக வைக்க நேர்ந்த வீட்டுக்கு 'பலன்ஸ்' திருகு இருக்கிறது. இசைத்தட்டுக்கான 'போனோ' வழியும் உள்ளேயே உண்டு.

புளூடூத் இல்லை என்பது குறையே அல்ல. தீப்பெட்டி அளவு ரிசீவர் ஒன்றை 'ஆக்ஸ்' துளையில் செருகினால் போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். பழைய பெட்டிகள் 0.15 வோல்ற் அளவு சிக்னலுக்கே முழுச் சக்தியைக் கொடுக்கும்படி செய்யப்பட்டவை; இன்றைய கருவிகள் 2 வோல்ற் வரை அனுப்பும். திருகைக் கொஞ்சம் திருப்பியதுமே சத்தம் பாய்வது அதனால்தான்.

"உப்புக் காற்றில் பழுதாகியிருக்கும்" என்றும் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது, ஆனால் பாதிதான். கடலோரத்தில் திருகுகள் கரகரக்கும், ரிலே முனைகள் கறுக்கும், ஒரு பக்கம் சத்தம் விட்டுவிட்டு வரும். பெரும்பாலும் கொன்ராக்ட் கிளீனரும் பொறுமையும் இருந்தால் சரியாகிவிடும். காய்ந்த கப்பாசிற்றர்களுக்குப் பதிலாக 105 பாகை தாங்கும் புதியவற்றைப் போடலாம், விலையும் அதிகமில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடல்நீருக்குள் மூழ்கி, காயவைத்து மூடிய பெட்டி வேறு கதை. ட்ரான்ஸ்போமர் தகடுகளில் துருவும் பலகையில் வெள்ளைப் பூப்பும் தெரிந்தால் எந்த விலைக்கும் வாங்க வேண்டாம்.

"பார்ட்ஸ் கிடைக்காது" என்பதுதான் நான் ஒப்புக்கொள்ளும் துண்டு, அதுவும் ஒரு வகைப் பெட்டிக்கு. எஸ்டிகே என்று தொடங்கும் எண்ணுடைய தடித்த ஐசியில் ஓடும் அம்பிளிபயர்களில் அந்த ஐசி எரிந்தால் அசலைத் தேடுவது கஷ்டம். சந்தையில் போலிகள் நிறைய. தனித்தனி ட்ரான்சிஸ்டர்களில் ஓடுவதற்கு ஈடான புதியவை கிடைக்கும்.

"பழசு எல்லாமே இனிமை" என்று மறுபக்கம் பேசுவோரோடும் எனக்கு உடன்பாடில்லை. நல்ல அம்பிளிபயர் தன் பங்குக்கு எதையும் சேர்க்காது. இனிமையின் பெரும்பங்கு ஸ்பீக்கரிலும் அதை வைக்கும் இடத்திலும் இருக்கிறது.

வாங்கப் போகும்போது முதலில் பின்பக்க வோல்ற் தெரிவைப் பாருங்கள். சவூதி வீடுகளில் நெடுங்காலம் 127 வோல்ற் இருந்தது. தெரிவு 120இல் நிற்க நம் 230இல் செருகினால் அத்தோடு முடிந்தது. ஜப்பானுக்குள் விற்ற பெட்டி 100 வோல்ற், அதற்குத் தனி ட்ரான்ஸ்போமர் வேண்டும். ஸ்பீக்கர் கொழுவுமுன் அந்த முனைகளில் மீற்றரை டீசி மில்லிவோல்றில் வையுங்கள். 50க்குள் இருந்தால் ஸ்பீக்கரைக் கொழுவி, நன்றாகப் பழகிய பாட்டு ஒன்றைப் போட்டு, பலன்ஸை இரண்டு பக்கமும் திருப்பிக் கேளுங்கள். இரண்டும் ஒரே மாதிரிக் கேட்டால் விலையைப் பேசலாம்.