குரூப்புக்குப் பூட்டு

அக்கா பையன் படிக்கிற பள்ளிக்கூடத்துல வாட்ஸப் குரூப் இருக்குதுங்க. ஆனா அட்மின் மட்டுந்தான் எழுத முடியுமாம். அதைப் பார்த்ததும் பழைய ஞாபகம் வந்துடுச்சு.

2020 மார்ச்சுல கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடினாங்க இல்லீங்களா, அந்த வருஷம் கொடுமுடியில இவனோட அக்கா பத்தாவது. வீட்டுல ஒரே ஒரு டச் போன். காலையில மாமா மஞ்சக்காட்டுக்குப் போறப்ப அதுவும் கூடப் போயிடும். பொழுது சாஞ்சு அவர் வந்தாத்தான் இவளுக்குப் பாடம். கல்வித் தொலைக்காட்சி 2019லயே தொடங்கியாச்சு, நல்லாத்தான் நடத்தினாங்க. ஆனா டிவிகிட்ட சந்தேகம் கேக்க முடியாதே!

மிஸ் ஒரு குரூப் ஆரம்பிச்சாங்க. முதல் நாளே வரிசையா 'குட் மார்னிங் மிஸ்', பூப்படம், யாரோ ஒரு அப்பா அனுப்பின மகுடேசுவரர் படம். நடுவுல பாடத்தைத் தேடணும். மூணாம் நாள் பூட்டிட்டாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன், அத்தனை வீட்டுப் பேச்சையும் யாரால படிக்க முடியும்? ஆனா அதோட அது நோட்டீஸ் போர்டு ஆயிடுச்சு.

பசங்க சும்மா இருப்பாங்களா? தனியா ஒரு குரூப் ஆரம்பிச்சாங்க. பாதி நேரம் அரட்டைதான், மறைக்கல :-) ஆனா தேல்ஸ் தேற்றம் புரியலைன்னு ஒருத்தி கேட்டதும், ஒரு பையன் நோட்டுல முக்கோணம் வரைஞ்சு போட்டோ போட்டான். "இந்தக் கோடு அடிப்பக்கத்துக்கு இணையா போகுது பாரு, அதனால மத்த ரெண்டு பக்கத்தையும் ஒரே விகிதத்துலதான் வெட்டும்"னு வாய்ஸ்ல விளக்கம் வேற. கேட்டது யாருங்கறீங்க? வகுப்புல வாயே திறக்காத எங்க பொண்ணு! எந்திரிச்சு நின்னு கேட்டா சிரிப்பாங்கன்னு பயம். ராத்திரி ஒன்பது மணிக்கு டைப் பண்ணிக் கேக்கறப்ப அந்தப் பயம் இல்ல.

பாடத்துக்குப் பஞ்சமே இல்லீங்க. ஐ.ஐ.டி.க்காரங்க 2003லயே என்.பி.டி.இ.எல். ஆரம்பிச்சு வீடியோவா குவிச்சு வெச்சிருக்காங்க. கேக்கறதுக்கும் சொல்றதுக்கும் ஆளுதான் வேணும். தினமும் ஒரு மணி நேரமாவது குரூப்பைத் திறந்து விடுங்க, சொல்லித்தரத் தெரிஞ்ச ரெண்டு பசங்ககிட்டப் பொறுப்பைக் குடுங்கங்கறதுதான் என் கட்சி.

ஒண்ணு மட்டும் உறுத்துது. இவ பெஞ்சுல பக்கத்துல உக்கார்ந்த பொண்ணு வீட்டுல போனே கிடையாது. ரெண்டு குரூப்லயும் அவ இல்ல. 2021 ஜனவரி 19 பத்தாவதுக்குப் பள்ளி திறந்தாங்க. அவ வரல. மில் வேலைக்குப் போயிட்டாளாம்.