மறுபடியும் அதே மாப்பிள்ளைதானா?

ஐம்பது, அறுபது வருஷமாகத் தமிழ்ப் படம் பார்த்து வருகிறேன். ஒரே ஒரு கதை மட்டும் இன்னும் என் கண்ணில் படவில்லை. விவாகரத்து ஆன ஒரு பெண் மறுபடி ஒருவனைச் சந்திக்கிறாள், தயங்குகிறாள், உளறிக் கொட்டுகிறாள், பிள்ளைக்குத் தெரியாமல் போன் பேசி மாட்டிக்கொள்கிறாள், கடைசியில் அவனையே கட்டிக்கொள்கிறாள். நாமும் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு வீட்டுக்கு வருகிறோம். இவ்வளவுதான் கதை. கொலை வேண்டாம், கோர்ட் வசனம் வேண்டாம், கண்ணீரும் வேண்டாம்.

நம்மவர்கள் எடுத்த படங்களைக் கொஞ்சம் வரிசைப்படுத்திப் பாருங்கள். 1977இல் பாலசந்தரின் 'அவர்கள்'. கொடுமைக்காரக் கணவனை விட்டு வந்த சுஜாதாவுக்குப் பழைய காதலன் ஒருவன், பேசும் பொம்மையோடு திரியும் நல்ல மனசுக்காரக் கமல் ஒருவன் என்று வழி இருந்தது. கடைசியில் அவள் ரயிலேறி ஊரை விட்டே போகிறாள். 1981இல் பாக்யராஜின் 'அந்த 7 நாட்கள்'. கட்டிய புருஷனே பெருந்தன்மையாகக் காதலனிடம் ஒப்படைக்க வந்தாலும், குறுக்கே தாலி வந்து நிற்கிறது. 1986இல் 'மௌன ராகம்'. என்ன பரிசு வேண்டும் என்று கேட்ட கணவனிடம் விவாகரத்து கேட்ட ரேவதி, படம் முடியும்போது அதே மோகனோடுதான் சேருகிறார். 1993இல் பாலு மகேந்திராவின் 'மறுபடியும்'. அர்விந்த்சாமி மாதிரி ஒருவர் வந்து கேட்டும் ரேவதி தனியாகவே நின்றுவிடுகிறார். 2015இல் 'என்னை அறிந்தால்'. விவாகரத்தாகி ஒரு பெண் குழந்தையோடு இருக்கும் த்ரிஷாவுக்கு அஜித் மாப்பிள்ளை. கல்யாணத்துக்கு முன்னாலேயே கொன்றுவிட்டார்கள். 2020இல் 'ஓ மை கடவுளே'. இது காதல் நகைச்சுவைதான், ஆரம்பமும் விவாகரத்துக் கோர்ட்தான். ஆனால் கடவுளே நேரில் வந்து அதே பெண்டாட்டியோடு சேர்த்துவைத்துவிட்டுப் போகிறார்.

நல்ல படங்கள்தான், குறை சொல்லவில்லை. 'மறுபடியும்' படத்தில் அந்தப் பெண் தனியாக நிற்பது அந்தக் காலத்தில் பெரிய துணிச்சல். ஆனால் மொத்தமாகக் கணக்குப் போட்டால் அவளுக்கு மூன்று வழிகள்தான்: பழைய புருஷன், தனிமை, அல்லது சாவு. நான்காவது வழிக்குக் கதவு திறந்ததும் உண்டு. 2006இல் 'வேட்டையாடு விளையாடு' ஜோதிகாவுக்குக் கமலோடு கல்யாணம் ஆகிறது. ஆனால் அது போலீஸ் படம். கொலைகளுக்கு நடுவே கிடைத்த இடத்தில் காதல். 2010இல் 'மன்மதன் அம்பு' சங்கீதா விவாகரத்தானவர், இரண்டு பிள்ளைகளின் தாய், படம் முழுக்க நம்மைச் சிரிக்கவைப்பவர். கடைசியில் மாதவன் கிடைக்கிறார். ஆனால் அவர் கதாநாயகியின் தோழி. விவாகரத்து ஆனவள் தோழியாக இருந்தால் சிரிக்கலாம், கதாநாயகியாக இருந்தால் அழ வேண்டும் என்பது எழுதாத விதி போலும்.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும். "அதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம் சார், நம்ம மண்ணுக்கு ஒத்துவராது." ஒரே வாக்கியத்தில் இரண்டு தப்பு. ஒன்று வெள்ளைக்காரனைப் பற்றியது, இன்னொன்று நம் மண்ணைப் பற்றியது.

முதலில் வெள்ளைக்காரன். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் அந்த ஊர்க் கதை கொஞ்சம் தெரியும். புரட்சிக்குப் பிறகு 1792இல் விவாகரத்தைக் கொண்டுவந்த பிரான்ஸ், 1816இல் அதை ஒழித்துக்கட்டியது. மறுபடி கொடுத்தது 1884இல். அந்தச் சட்டம் வருமா வராதா என்று நாடே அடித்துக்கொண்டிருந்த 1880இல், பாரிஸில் விக்தொரியன் சார்து 'திவொர்ஸொன்' என்று ஒரு நாடகம் போட்டார். 'விவாகரத்து செய்துகொள்வோம் வா' என்று அர்த்தம். விவாகரத்துச் சட்டம் வந்துவிட்டது என்ற பொய்த் தந்தியை நம்பி, பெண்டாட்டி இன்னொருவனோடு போகத் தயாராகிறாள். புருஷன் சண்டை போடாமல் சரி என்கிறான். உடனே புருஷன் காதலன் மாதிரி ஆகிவிடுகிறான், காதலன் புருஷன் மாதிரி சலிப்புத் தட்டுகிறான். முடிவில் அவள் புருஷனிடமே திரும்புகிறாள். ஹாலிவுட்டும் இதே பாதைதான். 1937இல் வந்த 'தி ஆஃபுல் ட்ரூத்', 1940இல் வந்த 'தி ஃபிலடெல்ஃபியா ஸ்டோரி' இரண்டிலும் விவாகரத்து ஆகியும் கடைசியில் பழைய ஜோடியே சேருகிறது. ஆக, 'அதே மாப்பிள்ளை' வியாதி வெள்ளைக்காரனுக்கும் இருந்தது. அவன் செய்த ஒரு நல்ல காரியம், அந்தப் பெண்ணை அழவிடாமல் சிரிக்கவிட்டது. ஒருத்தியை வைத்துச் சிரிக்கப் பழகிய ஜனங்களுக்கு அவளைக் கண்டு பயம் போய்விடும். பிறகு 2013இல் 'எனஃப் செட்' மாதிரி ஒரு படம் வர முடிந்தது. விவாகரத்தான இருவர், வயது ஐம்பதை ஒட்டி, இருவருக்கும் கல்லூரிக்குப் போகிற வயதில் மகள்கள். அவள் புதிதாகப் பிடித்த சிநேகிதி, அந்த மனுஷனின் முன்னாள் மனைவி என்று தெரியவரும்போது நடக்கும் கூத்துதான் படம். யாரும் சாகவில்லை, சமுதாயமும் இடிந்து விழவில்லை.

இனி நம் மண். முதல் சுயமரியாதைத் திருமணம் என்று சொல்லப்படுவது 1928இல் அருப்புக்கோட்டை பக்கம் சுக்கிலநத்தத்தில் நடந்தது. எங்கள் மல்லாங்கிணறுக்கு அது ஒன்றும் தூர தேசம் அல்ல. பிடிக்காவிட்டால் பிரிந்துகொள்ள ஆணுக்கும் பெண்ணுக்கும் உரிமை வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. மூன்றாவது மாநாடு 1931இல் கூடியது நம் விருதுநகரில். 1949இல் சென்னை மாகாணம் தனிச் சட்டம் போட்டு இந்துக்களுக்கு விவாகரத்து கொடுத்துவிட்டது. தில்லியின் இந்து திருமணச் சட்டம் அதற்கு ஆறு வருஷம் கழித்து 1955இல்தான் வந்தது. அந்தச் சட்டத்தில் 29ஆம் பிரிவைப் பாருங்கள். வழக்கத்தில் இருக்கிற விவாகரத்து செல்லும் என்று சொல்கிறது. எதற்கு அப்படி ஒரு பிரிவு? வழக்கம் ஏற்கெனவே இருந்ததால்தான். தென்மாவட்டங்களில் பல சமூகங்களில் அறுத்துக் கட்டுவது என்பது சாதாரண நடைமுறை. பிடிக்கவில்லையா, பெரியவர்கள் கூடினார்கள், கொடுக்கல் வாங்கலைத் தீர்த்தார்கள், அவள் வேறொருவனைக் கட்டிக்கொண்டாள். படித்து, வசதி வந்து, கௌரவம் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் அந்த வார்த்தையே வசவாக மாறியது. பரஸ்பர சம்மதத்தில் பிரிகிற வசதியைப் பிரான்ஸ் திரும்பக் கொடுத்தது 1975இல். நாம் கொடுத்தது 1976இல். வித்தியாசம் ஒரே வருஷம். இதில் எங்கே வந்தது ஒத்துவராத மண்?

ஒத்துவராதது மண் அல்ல, நம் வாய். தமிழில் 'வாழாவெட்டி' என்று ஒரு சொல் இருக்கிறது. புருஷனைப் பிரிந்து தாய் வீடு வந்தவளுக்கு. பெண்டாட்டியைப் பிரிந்து தாய் வீட்டில் தின்றுகொண்டிருப்பவனுக்கு என்ன சொல்? இல்லை. அவனுக்கு அடுத்த தை மாதமே 'ரெண்டாந்தாரம்' பார்க்கத் தொடங்கிவிடுவோம். "பாவம், பையன் எத்தனை நாள் ஓட்டலில் சாப்பிடுவான்?" என்று காரணமும் சொல்வோம். அவள் எத்தனை நாள் தனியாகச் சாப்பிடுவாள் என்று கேட்டவர் உண்டா?

அரசாங்கத்தில் எழுத்தராக இருந்தவன் என்பதால் இதையும் சொல்கிறேன். குடும்ப ஓய்வூதியம் வாங்கும் பெண், தான் மறுமணம் செய்துகொள்ளவில்லை என்று சான்று கொடுக்க வேண்டும். பணம் சம்பந்தப்பட்ட விதி, அதற்கு அதன் நியாயம் இருக்கலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள், தனியாக இருக்கும் ஒரு பெண்ணின் மனசு சம்பந்தமாக அரசாங்கமும் ஊரும் சேர்ந்து கேட்கிற ஒரே கேள்வி அதுதான்: "ஒன்றும் இல்லையே?" இல்லை என்றால் நல்லவள்.

"பிரிவது வலி, அதை வைத்துச் சிரிப்பதா?" என்று சிலர் கேட்கலாம். வலிதான். எங்கள் மாவட்டத்துக்காரர்கள் அதற்கு ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்துக்கு நடையாய் நடக்கிறார்கள். தனக்கு யார் மாப்பிள்ளை என்று தானே முடிவு செய்த ஆண்டாளின் ஊர் அது! ஆனால் வலி தீர்ப்போடு ஒரு இடத்தில் முடிகிறது. பிறகு பாக்கி இருப்பது முப்பது, நாற்பது வருஷ வாழ்க்கை. அந்த வருஷங்களைத்தான் நம் சினிமா பார்க்க மறுக்கிறது. வறுமையை வைத்துச் சிரித்தோம், வேலையில்லாத் திண்டாட்டத்தை வைத்துச் சிரித்தோம், சாவு வீட்டை வைத்தும் சிரித்தோம். இதில் மட்டும் என்ன திடீர் மரியாதை?

கதைக்குப் பஞ்சமும் இல்லை. சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் வேனில் போய், தன் கூலியைத் தானே வாங்கி, பிள்ளையைப் படிக்கவைக்கிற பெண்கள் எத்தனை பேர்! அதில் ஒருத்தியைக் கதாநாயகி ஆக்குங்கள். அவளுக்கு ஒருவனைப் பிடித்திருக்கிறது. எங்கே உட்கார்ந்து பேசுவார்கள்? மல்லாங்கிணறில் பேசினால் அடுத்த தெருவுக்கு அவள் போய்ச் சேருவதற்குள் செய்தி போய்ச் சேரும். சரி, விருதுநகர் போய் எண்ணெய் பரோட்டா சாப்பிடலாம் என்று பஸ் ஏறினால், முன் சீட்டில் பெரியம்மா, பின் சீட்டில் முன்னாள் நாத்தனார். பரோட்டாக் கடையில் பரிமாறுகிறவர் முன்னாள் புருஷனின் கூட்டாளி. இது போதாதென்று, "நீங்க எங்கம்மாவைப் பார்க்க வந்தீங்களா, நான் உங்களைப் பார்க்கணும்" என்று அவளுடைய பத்து வயசுப் பையன் கால்மேல் கால் போட்டு மாப்பிள்ளை பார்க்கிறான். சம்பளம் எவ்வளவு, குறட்டை உண்டா, கணக்குப் பாடம் வருமா? சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது.

அந்தச் சிரிப்பு சும்மா வருவதல்ல. மௌனமாக அழுகிற பெண்ணைப் பார்த்துப் பார்த்து, அப்படி அழுவதுதான் அவள் லட்சணம் என்று ஊர் நம்பிவிட்டது. நம்பிக் கெட்டது ஊர் அல்ல, அவள். ஒரு படத்தில் அவள் தடுமாறி, அசடு வழிந்து, அதற்கப்புறமும் ஜெயித்தால், அதைப் பார்த்த ஒரு அப்பாவாவது "இன்னொரு தடவை பார்ப்போமா தாயி?" என்று தன் மகளிடம் கேட்க வாய்ப்பிருக்கிறது. நூறு மேடைப் பேச்சு செய்யாததை அது செய்யும்.

படம் எடுக்கிறவர்கள் எடுக்கட்டும். அதற்குக் காத்திராமல் நாம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. நம் தெருவில் அப்படி ஒரு பெண் சாயங்காலம் நல்ல சேலை கட்டி, பூ வைத்து, பஸ் நிறுத்தம் பக்கம் போனால், "எங்கேம்மா கிளம்பிட்டே?" என்று கேட்காமல் இருக்கலாம். செலவே இல்லாத சீர்திருத்தம் அது.