திராட்சைக்கு என்ன வழி?

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் தென்காசிக்கே திருவிழாதான்! அருவியில் குளித்தவர்கள் கடைவீதியில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் வாங்குகிறார்கள். கூடவே பன்னீர்த் திராட்சையும்.

இந்தத் திராட்சை விளைவது தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில். 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. பெருமைதான். ஆனால், பறித்த சில நாளில் பழம் வாடிவிடும். விலை சரிந்தால் விவசாயி என்ன செய்வார்?

“ஒயின் காய்ச்சலாமே!” என்கிறார்கள் சிலர். பிரான்சில் சிறு குடும்பங்கள்கூடத் தங்கள் தோட்டத்துப் பழத்தைத் தோலோடு புளிக்க வைத்துச் சிவப்பு ஒயின் ஆக்குகின்றன. மராட்டிய அரசு 2001-ல் சலுகை தந்தது. நாசிக் பெயர் பெற்றது. உண்மைதான்.

ஆனால் ஒயினிலும் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு சாராயம் உண்டு. 2003 முதல் அரசே சில்லறை மதுக்கடை நடத்தும் மாநிலம் இது. குடியால் கண்ணீர் விடும் தாய்மார்கள் போதாதா? ஒரு குடும்பம் பிழைக்க இன்னொரு குடும்பம் அழிவதா?

வேறு வழி உண்டு. சாற்றைச் சூடுகாட்டிப் புட்டியில் அடைத்தால் புளிக்காது, மாதக்கணக்கில் இருக்கும். இதற்குச் சிறு விவசாயிக்கு அரசு கடன் கொடுக்கட்டும். குற்றாலத்தில் கடை போட இடம் கொடுக்கட்டும்.

அருவியில் குளித்து வருகிறவரின் தாகத்தைத் திராட்சைச் சாறு தீர்க்கட்டும். அவர் தெளிவாக வீடு போய்ச் சேரட்டும்!