கூடையைப் பிடிக்கும் சட்டம் குளத்தைப் பிடிக்கட்டும்

வேதாரண்யம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு உப்பளமும் கடல் மீனும்தான் நினைவுக்கு வரும். ஆனால் இது காவிரியின் கடைமடையும்கூட. தலைஞாயிறு, வாய்மேடு, ஆயக்காரன்புலம் பக்கம் ஆற்றுத் தண்ணீர் வந்தால் விரால், குரவை, கெளுத்தி, தேளி, கெண்டை எல்லாம் வாய்க்காலில் ஏறும். அறுவடை முடிந்து தண்ணீர் வற்றும்போது குட்டையை இறைத்து, சேற்றில் துழாவிப் பிடிப்பார்கள். பாதி குழம்புக்கு, மீதி விற்பனைக்கு. நிலமற்ற தலித் கூலிக் குடும்பங்களுக்கு, வயல் வேலை இல்லாத நாட்களில் இது கைச்செலவுக்கு ஆகும் காசு.

இன்று அந்தக் கூடையில் பண்ணை மீனும் சேர்ந்துவிட்டது. குளங்களிலும் தொட்டிகளிலும் கட்லா, ரோகு, மிருகால் வளர்க்கிறார்கள். நல்ல விலை கிடைப்பதால் விராலையும் வளர்க்கிறார்கள். கூடவே ஆப்பிரிக்கக் கெளுத்தியும் வருகிறது. வளர்ப்பு மீன் விற்பனைக்கு ஒழுங்குமுறை வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடு இல்லை. அந்த ஒழுங்குமுறை யார் தலையில் விழுகிறது என்பதே நம் கேள்வி.

ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பை மத்திய அரசு எப்போதோ தடை செய்துவிட்டது. பசுமைத் தீர்ப்பாயமும் அதை வலியுறுத்தியிருக்கிறது. காரணம் நியாயமானது. அது கண்ட மீனையும் தின்னும். காற்றைச் சுவாசித்து, கலங்கிய நீரிலும் பிழைத்துக்கொள்ளும். வெள்ளத்தில் குளம் உடைந்து ஆற்றுக்குள் போய்விட்டால் நாட்டு மீன்களுக்குக் கேடு. கோழிக் கழிவையும் இறைச்சிக் கழிவையும் கொட்டி வளர்ப்பதால் நீரும் கெடுகிறது. நாட்டு மீன் அழிந்தால் முதலில் காலியாவது வாய்க்கால் மீனை நம்பியிருக்கும் சேரியின் சட்டிதான். எனவே தடை நமக்கும் வேண்டியதே.

ஆனால் தடை எங்கே அமலாகிறது? சந்தையில் சோதனை நடத்தி, மீனைப் பறிமுதல் செய்து, குழி தோண்டிப் புதைத்தார்கள் என்ற செய்தி அவ்வப்போது வருகிறது. குஞ்சு பொரித்து விற்றவர் யார், எந்தக் குளத்தில் வளர்ந்தது, எந்த வண்டியில் வந்தது என்பது செய்தியில் அரிதாகவே இருக்கும். சிறு கெளுத்தியை நாட்டுக் கெளுத்தி என்று சொல்லிக் கொடுத்தால், கடனுக்கு வாங்கி வந்த பெண்ணால் என்ன செய்ய முடியும்? மீனும் போகிறது, கடனும் நிற்கிறது. குளத்துக்காரருக்கு அடுத்த வாரம் வேறொரு கூடை கிடைக்கும்.

சட்டத்தின் அமைப்பும் இதற்குத் துணைபோகிறது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புத் தரச் சட்டத்தில் 18-ஆவது பிரிவைப் பாருங்கள். விவசாயி, மீனவர், மீன் வளர்ப்பு ஆகியவற்றுக்கு அச்சட்டம் பொருந்தாது என்கிறது. 31-ஆவது பிரிவோ, தெருவில் சுற்றி விற்பவர் உரிமம் வாங்க வேண்டாம், ஆனால் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறது. குளக்கரையில் வாய் மூடியிருக்கும் சட்டம், கூடை தலையில் ஏறியதும் பேசத் தொடங்குகிறது. தானே பிடித்து விற்கும் பெண்ணும் மீனவர் என்ற விலக்கில் வரலாம். ஆனால் தானே பிடித்தேன் என்பதை அவர் சந்தையில் எந்தக் காகிதத்தைக் காட்டி நிரூபிப்பார்?

வெளிநாட்டு முறை ஒன்றையும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவின் பல மாநிலங்களில், தூண்டில் போட்டுப் பொழுதுபோக்குபவர்கள் விரும்பும் நன்னீர் மீன்களை ஆறு ஏரிகளில் பிடித்து விற்கக் கூடாது. பண்ணையில் வளர்ந்தது என்று காட்டும் ஆவணம் இருந்தால்தான் விற்கலாம். நம் நீலகிரியிலும் வெள்ளைக்காரர்களின் வேட்டைக்கும் தூண்டிலுக்கும் உரிய உயிர்களைக் காக்க 1879-இலேயே தனிச் சட்டம் வந்தது. பண்ணை மீனுடன் ரசீதும் பயணிக்க வேண்டும் என்ற யோசனை நல்லது. ஆனால் அதை அப்படியே இங்கே கொண்டுவந்தால், ரசீது இல்லாத விரால் எல்லாம் திருட்டு விரால் ஆகிவிடும். வாய்க்கால் ரசீது கொடுப்பதில்லை.

இனி குளத்துக்கு வருவோம். ஊராட்சிக் குளங்களின் மீன்பாசி ஏலத்தில் யார் எடுக்கிறார்கள் என்பது மீன்வளத் துறை விவகாரம் மட்டுமல்ல, சாதி விவகாரமும்தான். பொதுச் சாலை, கிணறு, குளம் ஆகியவற்றில் ஒடுக்கப்பட்டோருக்கு உரிமை உண்டு என்று இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தது 1924-இல். அதற்கு 73 ஆண்டுகளுக்குப் பின், 1997 ஜூன் 30 அன்று, மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் ஐவரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். கண்மாய் மீன் ஏலம் உள்ளிட்ட பொது வருவாய் தலித் தலைவர் கைக்குப் போய்விடும் என்ற ஆத்திரம் அந்தக் கொலைகளின் பின்னணியில் இருந்தது.

2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி, பொதுச் சொத்தையோ குளத்தையோ பயன்படுத்தவிடாமல் பட்டியல் சாதியினரைத் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். மற்றவர்கள் செய்யும் வணிகத்தை இவர்கள் செய்யவிடாமல் தடுப்பதும் குற்றம். மாணவர்கள் இதை மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.

நம் கரையே இன்னொரு பாடத்தையும் சொல்கிறது. இறால் பண்ணைகள் நெல்வயலையும் குடிநீரையும் கெடுத்தபோது, கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் மக்களுடன் போராடினார்கள். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பளித்தது. விளைநிலத்தையும் ஊர்ப் பொதுநிலத்தையும் இறால் குளமாக்கக் கூடாது என்றது. மூடப்படும் பண்ணைகளின் தொழிலாளர்களுக்கு இழப்பீடு தர வேண்டும் என்றும் சொன்னது. கட்டுப்பாடு பண்ணை உரிமையாளரிடம் தொடங்க வேண்டும், கூலிக்காரரின் நட்டம் ஈடு செய்யப்பட வேண்டும் என்பதே அதன் சாரம். நன்னீர் மீனுக்கும் அதே அளவுகோல்தான் பொருந்தும்.

நாம் கேட்பது இவ்வளவே. வளர்த்த மீனை விற்கும் ஒவ்வொரு பண்ணையும், மீனின் பெயர், குஞ்சு வாங்கிய இடம், பிடித்த நாள் ஆகியவற்றை எழுதித் தமிழில் ரசீது தரவேண்டும். தடை செய்த மீன் சந்தையில் பிடிபட்டால், அதிகாரிகள் அந்த வழியே குஞ்சுப் பண்ணை வரை போக வேண்டும். கூடைக்காரப் பெண்ணின் நட்டத்தைப் பண்ணையாரிடம் வசூலித்துத் தரவேண்டும். வாய்க்காலிலும் வயலிலும் கையால் பிடித்த சிறு அளவு மீனுக்கு ரசீது கேட்கக் கூடாது. தெரு வியாபாரிகள் சட்டம் 2014-இன்படி, வேதாரண்யம் நகராட்சியின் விற்பனைக் குழுவில் மீன் விற்கும் தலித் பெண்களுக்கும் இடம் வேண்டும்.

குளம் இல்லாமல் ரசீது மட்டும் இருந்து பயனில்லை. பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் 60 விழுக்காடு மானியம் உண்டு. ஆனால் சொந்த நிலமோ பதிவு செய்த நீண்டகாலக் குத்தகையோ இல்லாதவருக்கு அது ஏட்டுச் சுரைக்காய். ஊராட்சிக் குளங்களில் ஒரு பங்கைத் தலித் மகளிர் குழுக்களுக்கு ஒதுக்கி, பல ஆண்டுக் குத்தகையாகப் பதிவு செய்து கொடுத்தால் மானியமும் கைக்கு எட்டும். மீன்வளப் பல்கலைக்கழகம் நாகப்பட்டினத்திலேயே இருக்கிறது. விரால் வளர்ப்புப் பயிற்சியைச் சேரிக்கே கொண்டுவருவது அதற்குப் பெரிய காரியம் அல்ல.

அடுத்து ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று கிராம சபைகள் வரும். படித்த பிள்ளைகள் போய் உட்கார்ந்து மூன்று கேள்வி கேட்கட்டும். நம் ஊர்க் குளம் என்ன தொகைக்கு ஏலம் போனது? ஏல அறிவிப்பு நம் தெருவில் ஒட்டப்பட்டதா? கடந்த 5 ஆண்டுகளில் எடுத்தவர்கள் யார் யார்? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லிவிட்டே எழுந்து வர வேண்டும்.